தொடுதலும் அருளும்

உயிர்களுக்குரிய அறிவுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர், மரபியலின்கண், ஊற்றறிவையே முதலாக வைத்தார். புல்லும் மரமும் அவ்வொன்றே உடையன என்றும், சுவை, நாற்றம், ஒளி, ஓசை என்பவற்றை அறியும் அறிவுகள் ஏனையுயிர்களுக்கு ஒன்றன்மேலொன்றாக ஏறிவரும் என்றும் கூறினார். விலங்குகளுக்கு ஐந்து, மக்களுக்கு மனத்தோடு ஆறு. இம்முறைவைப்பை மாணாக்கருக்குப் படிப்பிக்குமிடத்து ஆறாவதன் உயர்வையே நாம் பெரிதும் விரித்துரைக்கின்றோம். முதலாவதனைப் பெயரளவிற் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். ஆயினும் புல் முதலாக மனிதன் ஈறாக எல்லாவுயிர்க்கும் பொதுவாய் நிற்பது அம்முதலாவது அறிவேயன்றோ? நம்முடைய பேச்சு நாய்க்கு முழுதும் விளங்குவதன்று. அதன் மோப்பவுலகமோ நமக்குச் சிறிதும் விளங்குவதன்று. இரு திறத்தாரும் மொழிபெயர்ப்பின்றிச் சந்திக்கும் இடம் தோல் ஒன்றேயாம்.

நாய்க்குட்டி பிறக்கும்பொழுது அதன் கண்கள் மூடியிருக்கும், செவிகள் அடைபட்டிருக்கும். கண் திறத்தற்கு ஏறக்குறைய 2 கிழமை செல்லும். செவி திறத்தற்கு அதனினும் சில நாள் கூடச் செல்லும். அக்காலமெல்லாம் அது தாயை மோப்பத்தாலும், உடற்சூட்டாலும், தாய் நாவினால் நக்கிக்கொடுக்கும் பரிசத்தாலுமே அறிகின்றது. ஆதலின், நாய்க்கு உலகம் முதன்முதல் தெரிவது ஊற்றுணர்வினாலென்றால் மிகையாகாது.

நாயை மெல்ல வருடியும், நீவியும், தசைகளைப் பதமாகப் பிடித்துவிட்டும் அதன் அச்சத்தையும் இறுக்கத்தையும் தணிவிக்கும் முறை இக்காலத்திற் பல தேசங்களில் ஒரு பயிற்சியாகவே வளர்ந்திருக்கின்றது. அதனைக் கற்பிக்கும் நூல்களும் வகுப்புகளும் உண்டு. இங்ஙனம் ஒரு விலங்கைத் தொட்டு ஆற்றுதல் அறமாகுமோ, அன்றி அறத்தின் பெயர் பூண்ட நமது இன்பமேயோ என்னும் வினா சிந்திக்கற்பாலது. பிள்ளைகளுக்கு உயிரிரக்கத்தைப் போதிக்குங் கடப்பாடுடைய ஆசிரியர்கள் இதனை விளையாட்டு வினாவென்று தள்ளிவிடலாகாது. ஏனெனின், இரக்கத்தைக் கற்பிக்கப் புகுந்து, இரக்கத்தின் போலியைக் கற்பித்துவிடுதல் மிக எளிது.

முதற்கண் ஊற்றின் இயல்பை நோக்குவாம். சுவீடன் தேசத்து உடற்றொழில் ஆராய்ச்சியாளராகிய இங்வே சொட்டர்மன், 1939 ஆம் ஆண்டில், பூனையின் தோலிலே மெல்லிய வருடலுக்கு விடைகூறும் மிக நுண்ணிய நரம்பிழைகள் உண்டென்பதை எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் மனிதருடைய மயிர்பொருந்திய தோலிலும் அவ்வினத்து இழைகள் காணப்பட்டன. மனிதரிடத்து அவை ஒரு செக்கனுக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரையிற் செல்லும் வருடலுக்கே மிகுதியாய்த் தொழிற்படுவன. கை விரைந்தோடினால் அவற்றின் தொழில் குன்றும். நித்திரைக்கு அழும் குழந்தையின் முதுகைத் தாய் தடவும் வேகம் ஏறக்குறைய இதுவே. அவளுக்கு அதனை ஒருவரும் அளந்து சொல்லிக் கொடுக்கவில்லை.

நாய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வருவாம். ருசிய தேசத்துப் பவ்லோவிடம் பயின்று மீண்டு, அமெரிக்காவில் ஜோன்ஸ் கொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் நடத்திய கான்ற் என்பவரும் அவர் வழிவந்தோரும், மனிதர் கைபட்ட அளவில் நாயின் இருதயத் துடிப்புத் தாழ்கின்றதென்பதைக் கண்டறிந்தார்கள். 1967 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, மின்னடி வரப்போவதை உணர்த்தும் ஓசையைக் கேட்டு விரைந்து துடிக்கும் நெஞ்சங்கூட, அவ்வேளையில் ஒருவர் வருடிக்கொடுத்தால் அத்துணை விரைவதில்லை. வருடலின் பெருமையை அறிவதற்கு முன்னே அந்நாய்களுக்கு மின்னடி கொடுத்துப் பழக்கினார்கள் என்பதை நாம் மறத்தல் தகாது. நோய்செய்து பெற்ற அறிவாயினும், பெற்றபின் அதனை நோய்தீர்த்தற்குப் பயன்படுத்தாது விடுதல் அந்நாய்களுக்கு இரண்டாந்தரம் இழைக்கும் தீங்காகும் என்பது எமது கருத்து.

அதே தேசத்து ஒகையோ மாநிலத்தில், உடையவரற்ற நாய்களை வைத்துக் காக்கும் ஒரு சாலையிலே செய்யப்பட்ட ஆராய்ச்சிகள் இன்னும் நயமுடையன. அச்சமும் உளைச்சலும் மிகும்போது இரத்தத்திற் பெருகும் கோட்டிசோல் என்னும் சுரப்பை அளந்து பார்த்தார்கள். இரத்தம் எடுக்கப்பட்ட நாயை அதன்பின் 20 நிமிஷம் வருடியும் தசைகளை நீவியும் வைத்திருந்தபோது, அச்சுரப்பு ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை. முதலிற் செய்த ஆராய்ச்சியில் பெண்கள் வருடியபோதே பயன் மிகுதியாகத் தோன்றியது. 1998 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியிலோ, ஆடவருக்கும் அதே முறையைப் பழக்கிவிட, வேற்றுமை நீங்கிற்று. எனவே பயன் விளைத்தது கையினது வகையன்று, கை இயங்கிய முறையே என்பது பெறப்படும். மென்மை பிறவிக்குணம், பழகி வருவதன்று என்று கூறும் ஆடவருக்கு இது தக்க விடையாகும்.

2015 ஆம் ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி நம்மனோர்க்குச் சிறிது சங்கடமானது. நாய்களை வாயாற் புகழ்வோர் ஒருபுறமும் கையால் வருடுவோர் மற்றொருபுறமும் இருக்க, நாய்கள் வருடுவோரிடத்தே தங்கின. வெறும் புகழ்ச்சியை, ஒருவரும் ஒன்றுஞ் செய்யாதிருத்தலுக்கு மேலாக அவை மதித்ததாகத் தெரியவில்லை. நாவினாற் பிழைக்கும் நாம் இதனை ஓர்ந்துகொள்ளுதல் நன்று.

இனி, வினாவின் உயிர்நிலைக்கு வருவாம். தென்னாபிரிக்காவில் ஒடெண்டால், மெயின்ற்ஜீஸ் என்னும் இருவர் 2003 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மனிதர் நாயை அன்பாக வருடியிருந்தபொழுது இருதிறத்தார்க்கும் இரத்த அமுக்கம் தாழ்ந்தது. தாய்க்கும் சேய்க்குமிடையே பிணிப்பை உண்டாக்குவதிற் பங்குடைய ஒட்சிற்றோசின் என்னுஞ் சுரப்பு இருதிறத்தாரிடத்தும் பெருகிற்று. ஆயின் கோட்டிசோல் மனிதரிடத்து மாத்திரமே குறைந்தது; நாய்களிடத்துக் குறையவில்லை. ஒகையோவில் அச்சத்துள் அழுந்திய நாய்க்கு அச்சுரப்பு ஏறாமல் தடுத்த வருடல், இங்கே தன் பாட்டில் இருந்த நாய்க்கு அதனைக் குறைக்கவில்லை. வருடிய மனிதருக்கே குறைத்தது. ஆற்றப்போனவன் தானே ஆறி வந்தான் என்றவாறு.

இதனாற் போந்த பொருள் யாது? நாயை வருடுபவன் தான் ஏதோ தானஞ் செய்கின்றதாக எண்ணுதல் கூடாது. அவன் கொடுப்பதினும் கொள்வது குறைந்ததன்று. அங்ஙனமாயின் அது அறமன்று, தன்னலமே எனச் சிலர் கூறுவர். அக்கூற்றை யாம் உடன்படோம். பசித்தவனுக்குச் சோறிடும்போது இடுபவனுக்கு மகிழ்ச்சி பிறக்கின்றது. மகிழ்ச்சி பிறந்ததனாற் சோறு சோறல்லாமற் போவதில்லை. செயலைக் கெடுப்பது செய்பவன் அடையும் இன்பமன்று. அவ்வின்பத்துள் அழுந்தி, எதிரேயிருக்கும் உயிரின் குறிப்பைக் காணாது விடுதலேயாம். சோறிடுபவன், உண்பவன் போதுமென்று கைமறித்த பின்னும் இலையை நிரப்பிக்கொண்டிருந்தால், அதனை விருந்தோம்பல் என்போமா? கொடுக்கும் தொடுகையும் பறிக்கும் தொடுகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உயிர் விலகும்போது கை நின்றுவிடுகின்றதா என்பதிலேதான் வேற்றுமை வெளிப்படும்.

திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் அன்பையும் அருளையும் வேறுபிரித்துக் காட்டியிருத்தல் ஆசிரியர் யாவரும் அறிந்ததே. தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லாவுயிர்மேலும் இயல்பாகச் செல்வது அருள். தன் வீட்டு நாயைத் தடவுபவன் அன்பு செய்கின்றான். தெருவிலே நடுங்கிக்கொண்டிருக்கும் முன்பின் அறியாத நாயைக் கண்டு இரங்குபவன் அருளுடையவன். அவ்விரக்கத்தின் உந்துதலால் அவன் விரைந்துபோய் அதன் தலையைத் தடவுகின்றான். ஈண்டே சிக்கல் உண்டாகின்றது. 2012 ஆம் ஆண்டில் பேர்லினில் இருந்த ஆராய்ச்சியாளர் வெளியிட்டதன்படி, அறிமுகமில்லாதவர் தொடும்போது நாய்கள் தம்மை விட்டுவிடும்படி வேண்டுவனபோன்ற குறிகளை மிகுதியாகக் காட்டுகின்றன. நாய் விரும்புந் தொடுகை பெரும்பாலும் தொடர்புடையார் கையிலிருந்து வருவதே. தொடர்பு நோக்காதது நம்முடைய அருள். தொடர்பை நோக்குவது அதனுடைய தோல். ஆகவே, அறியாத நாயினிடத்து அருளுடையவன் செய்யத்தக்கது பலவேளைகளிற் கையை நீட்டாதிருத்தலேயாம். அருள் என்றவுடன் ஒன்றைச் செய்தலையே கருதிப் பழகிய நமக்கு இஃது எளிதிற் பொருந்துவதன்று.

அங்ஙனமாயின் நாயின் சம்மதத்தை எவ்வாறு அறிவது? வாயில்லாச் சீவன் எனினும் அதற்கு மொழி இல்லாமலில்லை. உணவு எதிரில் இல்லாதபோது உதட்டை நக்குதல், தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுதல், முகத்தை அப்புறந் திருப்பிக் கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், செவியைப் பின்னே மடித்தல், வாலை உள்ளே இடுக்குதல், முன்காலொன்றைத் தூக்கி நிற்றல், மூச்சை அடக்கி அசையாது விறைத்திருத்தல் என்பன வேண்டாம் என்னும் அதன் சொற்கள். இவற்றுள் இறுதியிற் சொன்னதையே மக்கள் மிகவும் பிழையாக விளங்குகின்றார்கள். அசையாதிருக்கும் நாயைச் சாதுவான நாய் என்று பிள்ளையை அதன் கழுத்திற் கட்டிப்பிடிக்க விடுவார்கள். அடுத்த கணத்தில் அது கடித்துவிட்டால் காரணமின்றிக் கடித்தது என்பார்கள். அது முன்னரே பலமுறை சொல்லிற்று.

ஆதலின், தொடப்புகுபவன் நாய்க்கு நேரே நிமிர்ந்து நில்லாது, சற்றுச் சாய்ந்து, பக்கவாட்டில் இருத்தல் வேண்டும். கையை மேலிருந்து தலைமேல் இறக்கலாகாது. நாய்தானே அணுகுமாயின் மார்பிலோ தோளின் பக்கத்திலோ விரல்களைப் பொருத்தி, மயிர் படிந்த திசையிலே, அதன் மூச்சினும் விரையாது, சில செக்கன் வருடி, பின் கையை எடுத்துவிடல் வேண்டும். கையை எடுத்தலே கேள்வி. நாய் உடலைச் சாய்த்து நெருங்கினால், மூக்கினாற் கையைத் தள்ளினால், அது ஆமென்னும் விடை. எழுந்து உதறினாலும், அப்பாற் பார்த்தாலும், ஒன்றுஞ் செய்யாதிருந்தாலும், இல்லையென்றே கொள்ளல் வேண்டும்.

உடன்பட்ட நாய்க்குச் செவியின் அடியிலிருந்து நுனிவரையும் மெல்ல உருவுதலும், கழுத்தின் பக்கங்களையும் தோள்களையும் உள்ளங்கையால் நீவுதலும், முள்ளந்தண்டின்மேல் அழுத்தாது அதன் இருமருங்குமுள்ள தசைகளை மாத்திரம் பதமாகப் பிடித்துவிடுதலும் இதஞ்செய்யும். பாதங்களையும் வாற்புறத்தையும் பல நாய்கள் பொறா. கனடாவிற் பிறந்து குதிரை பழக்குபவராக விளங்கிய லிண்டா ரெலிங்ரன் ஜோன்ஸ் என்னும் அம்மையார், மனிதரின் உடலசைவைப் பற்றிப் போதித்த பெல்டன்கிறைஸ் என்பவரிடம் 1970 ஆம் ஆண்டுகளிற் கற்று, அதனை விலங்குகளுக்கேற்ப மாற்றி ஒரு முறையை அமைத்தார். விரல்நுனிகளைத் தோலின்மேல் வழுக்கவிடாது, தோலையே விரலோடு சேர்த்து ஒன்றேகால் வட்டமாக மெல்ல நகர்த்துதல் அதன் சிறப்பு. அதன் பயனைப்பற்றிச் சொல்லப்படும் பெரும்பேச்சுகள் யாவும் பரிசோதனையால் நிலைநாட்டப்பட்டனவல்ல. ஆயினும் ஒன்றேகால் வட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பவன் கை விரையமாட்டாது. கண்ணும் நாயை விட்டு அகலமாட்டாது. அவ்வளவே பெரும்பயன் என்பது எமது துணிபு.

இறுக்கம் தளர்ந்த நாயைக் காண்பது அரிதன்று. கண் பாதி மூடும், வாய் நெகிழும், ஒருபக்க இடுப்பிற் சாய்ந்து படுக்கும், நீண்ட பெருமூச்சொன்று விடும். வீக்கமோ புண்ணோ காய்ச்சலோ உள்ள நாயை இவ்வாறு பிடித்துவிடுதல் ஆகாது. முன்னர் இடங்கொடுத்த இடத்தைத் தொடும்போது திடீரெனச் சினந்தால், அது குணக்கேடன்று, நோவின் அறிகுறி எனக்கொண்டு மிருகவைத்தியரிடம் காட்டல் வேண்டும். தொடுதல் மருந்தாகாது, எனினும் நாள்தோறும் தொடும் கையே கட்டியையும் உண்ணியையும் முதலிற் கண்டுபிடிக்கும்.

இடிமுழக்கத்துக்கும் வெடியோசைக்கும் நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சத்துக்குக் கூலி கொடுத்ததாகும், அதனால் அச்சம் வளரும் என்று நாய் பழக்குவோர் நெடுங்காலம் சொல்லிவந்தனர். இக்கருத்து இன்னும் பலரிடத்து உண்டு. இது செயலுக்கும் உணர்ச்சிக்குமுள்ள வேறுபாட்டை உணராமையால் வந்த வழு. கையை நீட்டி இரத்தல் செயல். அதற்குக் கூலி கிடைத்தால் அது வளரும். நடுக்கமோ கூலிநோக்கிச் செய்யப்படுவதன்று. இருளுக்கு அஞ்சி அழும் பிள்ளையை அணைத்துக்கொண்டதனால் இருளச்சம் பெருகிய பிள்ளை எங்குளது? தீபாவளியன்றும் வருஷப்பிறப்பன்றும் வெடிகொளுத்தும் வீடுகளில் நாய் கட்டிலின்கீழ் ஒளியுமாயின் இழுத்தெடுக்காது, அருகே இருந்து, அது விரும்பினால் மார்பிற் கைவைத்திருத்தலே செய்யத்தக்கது. வெடியைக் கொளுத்தாதிருத்தல் அதனினும் நன்று.

இனி, நம்மவர் எழுப்பும் தடையொன்றுண்டு. நாய் அசுசியுடையது, அதனைத் தொட்டவர் சுத்தியின்றிப் பூசைக்குரியரல்லர் என்பது அது. மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தான பருவத்திலே இந்திரன் யுதிஷ்டிரருக்குச் சொன்ன தடையும் இதுவே. நாயுடையார்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை, அதனை விட்டுவிட்டுத் தேரில் ஏறுக என்றான். தன்னை நம்பி வந்ததைக் கைவிட்டுச் சுவர்க்கம் வேண்டேன் என யுதிஷ்டிரர் மறுத்தார்; நாயோ தருமதேவதையாக நின்றது. இக்கதை நாயின் சுத்தியைப் பற்றி ஒன்றும் மறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆசாரம் ஒருபுறம் நிற்கக் கடமை வேறொருபுறம் நிற்கின்றது. ஒன்றனால் மற்றது கழியாது. நாயைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும், ஸ்நானஞ் செய்து பூசைக்குப் போதலும் ஒருவருக்கும் அரியனவல்ல. யாழ்ப்பாணத்திலே வைரவர் கோயிலில்லாத ஊர் அரிது. அங்கே வாகனமாய் நிற்கும் நாயைக் கும்பிட்டுவிட்டு, வெளிவீதியிற் படுத்திருக்கும் நாய்க்குக் கல்லெடுப்போர் எந்த ஆசாரத்தைக் கைக்கொள்கின்றனரோ யாம் அறியோம்.

மனிதர் பசித்திருக்க நாய்க்கு உடம்பு பிடித்துவிடுதல் பணக்காரர் விளையாட்டன்றோ என்பாரும் உளர். கூலிபெற்று நாய்க்கு உடம்பு பிடிக்கும் நிலையங்கள் சில நாடுகளிலுண்டு. அவற்றை யாம் பரிந்து பேசவில்லை. தண்ணீரும் உணவும் தடுப்பூசியும் பெறாத நாய்க்கு வருடல் முதற்றேவையன்று. ஆயினும் காசு செலவின்றி ஏழைக்கும் செல்வனுக்கும் ஒப்பக் கைகூடுவதாகிய ஒன்றைப் பணக்காரர் பொருளென்று விட்டுக்கொடுப்பானேன்?

பாடசாலைக்கு இதனைக் கொண்டுவருவதெப்படி? இலங்கையிலே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையை அரசாங்கம் 2006 ஆம் ஆண்டிற் கைவிட்டது. கருத்தடையும் தடுப்பூசியுமே அதன்பின் வழியாயின. ஆதலின் நாய்களும் பிள்ளைகளும் ஒரே வீதியில் வாழ்கின்றன. பாடசாலை விறாந்தையில் நாய் படுத்திருத்தல் புதுமையன்று. பிள்ளைகளுக்கு முதலிற் கற்பிக்கவேண்டியது தொடுதலன்று, தொடாதிருத்தல். அறியாத நாய், உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டியோடு கிடக்கும் நாய் இவற்றை அணுகலாகாது. கடியுண்டால், கீறுண்டால், மறையாது சொல்லி, ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிஷம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் தப்பியவர் மிகமிகச் சிலரே. இவற்றைச் சொன்னபின்னரே, வீட்டு நாயைப் பெரியோர் முன்னிலையில் எவ்வாறு கேட்டுத் தொடுவதென்பதைக் காட்டல் வேண்டும். மூன்றெண்ணும்வரை வருடு, கையை எடு, பார் என்னும் மூன்று சொற்களை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். தன்னைவிட வலிகுறைந்த ஓருயிரின் மறுப்பைக் கண்டு கைமடக்கப் பழகிய பிள்ளைக்கு, தன் உடம்பின்மேலும் தனக்கு அவ்வுரிமை உண்டென்பது தானே விளங்கும். அதனைப் புத்தகத்தால் விளக்குதல் கடினம்.

அடியுண்டு வளர்ந்த நாயைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். கையிற் பிரம்பில்லாதபோதும், உயர்ந்த கை எதுவாயினும் அது தலையைத் தாழ்த்திக் கண்ணை இறுக மூடும். தடவுவதற்கு உயர்ந்த கையா, அடிப்பதற்கு உயர்ந்த கையா என்று ஆராய்வதற்கு அது காத்திருப்பதில்லை. வகுப்பறையிலே கரும்பலகையைத் துடைக்கக் கையுயர்த்தும்பொழுது முன்வாங்கிற் பிள்ளைகள் என்ன செய்கின்றார்கள் என்பதை ஆசிரியர்கள் தாமே நோக்கிக்கொள்வார்களாக.

அவ்வகை நாய்க்கு வருடலின் நன்மையை விரைந்து காட்டிவிட முயலுதல் வீண். அதன் உணவுச் சட்டியை நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வைத்து, நாலுமுழம் விலகி, முகத்தை வேறுபுறந் திருப்பிக்கொண்டு இருந்தாற் போதும். சில கிழமைகளில் அது நாம் இருக்கும்போதே உண்ணத் தொடங்கும். சில மாதங்களில் நம் கால்மாட்டில் வந்து படுக்கும். புறங்கையை நிலத்தில் வைத்திருந்தால் ஒருநாள் மோந்து பார்க்கும். அதன்மேல் ஒருபடியும் ஏறாமல், ஆயுள் முழுதும் ஒருமுறையேனும் தொடவிடாமல், கால்மாட்டிலேயே கிடந்து கழியும் நாய்களும் உண்டு.